சார் சொல்லச் சொன்னார்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது, அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வீடு முழுக்கச் சுகம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்று எழுதுகிறேனே தவிர போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு உனக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. போனில் இதையெல்லாம் சொன்னால் நீ "ம்" போட்டே தப்பித்துவிடுகிறாய், நடுவில் உன் அம்மா வேறு போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது, காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்குப் பின்னாலிருந்து யாரும் விசில் அடிக்காமல் ஒரு காரியம் செய்வது எவ்வளவு சுகம் என்று உனக்குத் தெரியாது. வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, நானே வாஷர் மாற்றினேன், ஒழுக ஆரம்பித்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு சமையல் என் பொறுப்பு என்று ஆனதில் உன் அம்மா ஒரு சுற்று இளைத்துவிட்டாள், ஆனாலும் குறை சொல்வதில்லை, "நல்லாத்தான் இருக்கு, உப்பு மட்டும் நாளைக்குப் போடுங்க" என்கிறாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார். உன் சித்தப்பா பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதைவிடப் பழையதாக ஒன்று வாங்கியிருக்கிறான், தள்ளுவதற்கு ஆள் வேண்டும்போது மட்டும் அண்ணன் ஞாபகம் வருகிறது.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் பாலம் வரையும் ஆபீசில் உன்னையே அந்தப் பிரிவுக்குத் தலைமையாக இருக்கச் சொல்கிறார்கள், உனக்குக் கீழே வரப்போகிறவர்களில் பாதிப் பேர் உன்னைவிட வயதில் மூத்த ஆண்கள், ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று புரியவில்லை, "அப்பா என்ன சொல்றார்னு கேட்டு எழுதுங்கம்மா" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பெண் அத்தனை தூரம் போயும் நம் சொல்லைக் கேட்டுத்தான் நடக்கிறாள் என்று சட்டைக் காலரைக்கூட ஒரு தடவை நிமிர்த்திவிட்டுக்கொண்டேன். அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்று சொன்னால்தான் உனக்குப் பதில் சொன்னதாகும், அதனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. உன் அம்மாவின் வேலையே போய்விடுமோ என்று பயப்படும்படி இங்கே ஒன்று நடந்தது, அது தீர்ந்ததும் அதைவிடப் பெரிய ஒன்று வந்து வாசலில் நின்றது. உனக்கு எழுத வேண்டாம், நீ கவலைப்படுவாய் என்றாள் அம்மா. நான் எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் உனக்கு ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்தில் ஒரு கதவு வழியாக அழுக்குத் துணி வண்டி உள்ளே வரும், நடுவில் வரிசையாக இயந்திரங்கள், மறுகோடியில் அந்த நீளமான மடிப்பு மேசை, அதற்கு அப்பாலுள்ள கதவு வழியாக வெளுத்த துணி மேலே போகும். நீராவியில் எல்லோர் முகமும் எப்போதும் வேர்த்திருக்கும். கூடத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், ஆனால் கதவோரம் இருக்கும் பொறுப்பாளர் அறை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போது இருந்தவர் சாது. எதைக் கேட்டாலும் "சரி" என்பார், வேறு வார்த்தை வராது, அதனால் பெண்கள் அவருக்குச் "சரி சார்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உன் அம்மா மடிப்பு மேசையில் மூத்தவள். முன்பெல்லாம் பாய்லர்காரரிடம் போய் நீராவியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் அவர் மீசையைத் தடவிக்கொண்டு "நீ யாரு எனக்குச் சொல்ல" என்பாராம். வண்டி தள்ளுகிறவர்களும் அதே பாட்டு. அம்மா சண்டை போடவில்லை. சரி சாரிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்பாள், அவர் சரி என்பார், வெளியே வந்து "சார் சொல்லச் சொன்னார்" என்பாள், உடனே வேலை நடந்துவிடும். போகப்போக உள்ளே போய்க் கேட்பதையும் விட்டுவிட்டாள், எப்படியும் சரி என்றுதான் சொல்லப்போகிறார். அறைக் கதவு ஆணியில் அவருடைய குடை தொங்குகிறதா என்று பார்ப்பாள், தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், நேரே பாய்லர் பக்கம் போய் "சார் சொல்லச் சொன்னார்". யாருக்கு எந்த ஷிப்டு, எந்த வார்டுத் துணி முதலில், எந்த இயந்திரத்துக்கு இன்று ஓய்வு, எல்லாமே சார் சொல்லச் சொன்னதுதான். இந்தச் சங்கதி மடிப்பு மேசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும், ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே ஒருத்தி இருக்கிறாள், எந்தச் செய்தியும் அவள் வயிற்றில் தங்காது, பெயரே "ரேடியோ". அவளே இதை மட்டும் காதும் காதும் வைத்தாற்போலக் காப்பாற்றினாள் என்றால் பார்த்துக்கொள்.

போன மாதக் கடைசியில் இந்தப் பகுதிக்கு வரும் பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்துபோய் ஆஸ்பத்திரித் தொட்டியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், குடை தொங்கியது. ஆபரேஷன் அறைத் துணியும் பிரசவ வார்டுத் துணியும் மட்டும் வெளுத்தால் போதும், மற்ற வார்டுகள் கையிருப்பை வைத்துச் சமாளிக்கட்டும், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு ஒன்றுகூடக் கூடத்துக்குள் வரக்கூடாது, சார் சொல்லச் சொன்னார். பாய்லர்காரர் நெருப்பைக் குறைத்தார், வண்டிக்காரர்கள் கோட்டு மூட்டைகளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சில நாள் இப்படி ஓடியது, பிறந்த குழந்தை ஒன்றுக்கும் சுற்றத் துணி இல்லாமல் போகவில்லை, ஆபரேஷன் ஒன்றும் தள்ளிப்போகவில்லை. அப்போதுதான் கண் டாக்டர் கீழே இறங்கி வந்தார். பெரிய டாக்டர், அதைவிடப் பெரிய கோபம். கோட்டில் நெஞ்சுக்கு நேரே டீ கொட்டிய கறை, அதற்குப் பக்கத்தில் இன்னதென்று சொல்ல முடியாத இன்னொரு கறை, மடிப்பு மேசையே சிரிப்பை மென்று விழுங்கியதாம். என் கோட்டை வெளுக்காதே என்று உத்தரவு போட்ட மகாராஜா யார் என்று அவர் கத்த, பாய்லர்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "எங்க சார்தான், இன்னிக்குக் காலையிலகூடச் சொல்லி அனுப்பினார்" என்றிருக்கிறார். அதற்கு டாக்டர், "உங்க சாருக்குக் கண் ஆபரேஷன் பண்ணதே நான்தான். திங்கட்கிழமையிலேர்ந்து மேல என் வார்டுல கட்டுப் போட்டுப் படுத்திருக்கார். அவர் எப்பய்யா கீழ வந்து உனக்குச் சொன்னார்" என்றாராம். உன் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. சரி சார் கூச்ச சுபாவம், ஆபரேஷன் என்று தெரிந்தால் கூடமே பழமும் கையுமாக வந்து படுக்கையைச் சுற்றி நிற்கும் என்று பயந்து, மேலே ஆபீசில் மட்டும் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். போகிற அவசரத்தில் குடையை மறந்துவிட்டார். உன் அம்மா அத்தனை நாளும் ஒரு குடையிடம் அனுமதி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிரிக்காதே, அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதிகாரி பெயரைச் சொல்லி உத்தரவு போடுவது சின்ன விஷயமில்லையாம், வேலையை விட்டே நிறுத்தலாமாம். விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று காலை அம்மா ஒரு காலில் கறுப்புச் செருப்பும் ஒரு காலில் பழுப்புச் செருப்பும் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள், நானும் கவனிக்கவில்லை. நிர்வாக அதிகாரி என்பவர் சோப்புத் தூள் வாசம் பட்டாலே தும்முகிறவர், சலவைக்கூடத்து ஆட்கள் உள்ளே வந்தாலே கைக்குட்டையை எடுத்துவிடுவார். அவர் சரி சாரையும் வரவழைத்து, கண்ணில் கட்டோடு உட்காரவைத்து, இந்த உத்தரவெல்லாம் நீங்கள் போட்டதா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அன்றைக்குத்தான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினார் என்கிறாள் உன் அம்மா. "நான் அந்த நாற்காலியில உட்கார்ந்ததுலேர்ந்து ஒரு உத்தரவும் போட்ட ஞாபகம் இல்லீங்க. இந்தம்மா வந்து கேப்பாங்க, நான் சரிம்பேன். அப்புறம் அவங்க கேக்கறதையும் விட்டுட்டாங்க. நானும் அப்பாடான்னு இருந்துட்டேன்" என்றாராம். அதிகாரி தும்மினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, கைக்குட்டை முகத்தை மறைத்துவிட்டது. எச்சரிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சரி சார் இனிமேல் வேலைக்கு வரப்போவதில்லை, இந்த மாதத்தோடு ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி அம்மாவை மறுபடி கூப்பிட்டு, இத்தனை காலம் அவர் பெயரில் பார்த்த வேலையை இனி உங்கள் பெயரிலேயே பாருங்கள், பொறுப்பாளர் பதவி உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து போட்டுவிடுவார்கள்.

இந்தக் கடைசிச் சங்கதி அப்போது எனக்குத் தெரியாது பாப்பா. எச்சரிக்கையோடு விட்டார்கள் என்பது வரைக்கும் சொன்னாள், பதவி என்ற பேச்சையே எடுக்கவில்லை. வீட்டுக்கு வருவாள், நான் சமைத்ததைச் சாப்பிடுவாள், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். கூடத்தில் வேறு நிலைமை சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாய்லர்காரருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பொம்பளை சொல்லி வால்வைத் திருப்புகிறவன் நான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் இத்தனை வருஷமும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும், நெருப்பை ஏற்றுங்க என்றாலும் இறக்குங்க என்றாலும், "எந்த சார்?" என்று ஒரே கேள்வி. நீராவி வேண்டிய நேரத்தில் வராது, ஈரத் துணி மலை மாதிரி குவியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளியலறைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினது யார் என்று நினைக்கிறாய், அந்தப் பாய்லர்காரரேதான். அம்மா மாடியில் தையல்காரம்மாவிடம் போயிருந்தாள். மனிதர் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, என்னைப் பார்த்து விரலை நீட்டிச் சண்டைக்கு வந்துவிட்டார். "ஏன்யா, நீ பஸ் ஓட்டின காலத்துலேர்ந்து உன்னைத் தெரியும், நல்ல மனுஷன்னு நினைச்சேன். அந்தம்மாவுக்கு வந்த பதவியை வேண்டாம்னு சொல்ல நீ யாரு" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என்ன பதவி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா அதிகாரியிடம் போய் "வீட்டுல அவர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ரேடியோ அதை ஒலிபரப்பிவிட்டாள். நான் கையில் ஸ்பேனரோடு, சொட்டச் சொட்ட நனைந்துபோய், வாயே திறக்காத ஒரு விஷயத்தில் கொடுங்கோலனாக நின்றுகொண்டிருந்தேன். நீங்கள்தானே பொம்பளை சொல்லிக் கேட்க மாட்டேன் என்று ஊரெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தவர், இப்போது என்ன வந்தது என்று நானும் விடாமல் கேட்டேன். அவர் கொஞ்சம் தணிந்தார். "முறைச்சேன், இல்லைங்கலை. பொம்பளை சொன்னாங்கிறதுக்காக முறைச்சேன்னு வச்சுக்கய்யா, ஆனா இப்ப அது இல்லை. யாரு சொல்றதுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு ஒண்ணு தப்பாப் போச்சுன்னா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடறது? குடைகிட்டயா? வெளியிலேர்ந்து வர்றவனுக்குத் தண்ணி எந்தப் பக்கம் வருது, நெருப்பு எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரியவே ஒரு வருஷம் ஆகும். அந்தம்மா தன் வாயால ஒரு தடவை சொல்லட்டும், அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, குழாயை ஒரு திருப்புத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். ஒழுகியது இப்போது மறுபடி சொட்டுகிறது, அந்த மட்டும் லாபம்.

அம்மா கீழே வந்ததும் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. நான் எப்போது வேண்டாம் என்றேன் என்று மட்டும் கேட்டேன். அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து கைத்துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், அதுதான் உனக்குத் தெரியுமே, கையில் எந்தத் துணி இருந்தாலும் மூலைக்கு மூலை வைத்து மடித்துவிடுவாள். பிறகு சொன்னாள், "நான் வேண்டாம்னா ஏன் வேண்டாம், யோசிங்க, பயப்படாதீங்கன்னு ஆயிரம் கேப்பாங்க. வீட்டுக்காரர் வேண்டாங்கிறார்னா உடனே விட்டுடுவாங்க. அதான் சொன்னேன்." உண்மையில் உனக்கு வேண்டுமா வேண்டாமா என்றேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க. சார் சொன்னார்னு சொன்னா, தப்பாப் போனாலும் சார் பேர்ல போகும். நான் சொன்னேன்னு சொன்னா எல்லாம் என் தலையில வந்து விழும். ஆனா அந்த நாற்காலியில வேற யாரோ வந்து உட்கார்ந்து, பிரசவ வார்டுத் துணியைக் கடைசியில போடுன்னு சொல்லி, அதையும் நான் மடிச்சுக்கிட்டு நிக்கணும்னு நினைச்சா தூக்கம் வரலை" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாப்பா, உன் அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், டீ போடட்டுமா என்றேன். சர்க்கரையை நானே போட்டுக்கொள்கிறேன் என்று அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள்.

டீ குடிக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று மண்டையில் உறைத்தது. இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியோடு நிற்குமா என்று ஒரு சந்தேகம். மெல்ல ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீ இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்ததாக உன் தோழிகளெல்லாம் என்னைக் கண்டு நடுங்குவார்களே, அந்தச் சட்டத்தை நான் போடவேயில்லை. உன்னை நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னது அப்பா என்று நீ எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாய், எனக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம், நான் ஏன் சொல்லப்போகிறேன். "அப்பா சொல்லச் சொன்னார்" என்று அவள் உனக்குச் சொன்னதில் நான் சொன்னது ஒன்றிரண்டு தேறினால் அதிகம். கடைசியாக ஒன்று கேட்டேன், கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. உனக்கு அந்தத் தூரதேசத்து வேலை வந்தபோது, அப்பா போகச் சொல்லிவிட்டார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் வந்து, அவள் போவதென்று முடிவு பண்ணிவிட்டாள், இனித் தடுத்தால் மனசு உடைந்துபோவாள் என்றாள். நீ என் வாக்கை நம்பினாய், நான் உன் முடிவை நம்பினேன், இரண்டையும் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் ஒருத்தியே தயார் பண்ணியிருக்கிறாள். அங்கே போய் இறங்கியதும் நீ எழுதிய முதல் கடிதத்தில், "என்னை நம்பி அனுப்பினதுக்கு நன்றிப்பா" என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் என்று அப்போதே எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை நம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனதுபோல இத்தனை வருஷமாக அந்த நன்றி என்னிடம் இருந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் வலித்தது. இந்த வீட்டில் நான் ஏதாவது சொல்லியிருக்கிறேனா என்று கேட்டேன். "நீங்க குறுக்க நிக்காம இருந்தீங்களே, அதுவே பெரிய உதவி" என்றாள். அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. சரி, இந்தத் தடவையும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, போ என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், என் பெயரை மட்டும் இதில் இழுக்காதே என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவள் என்ன முடிவோடு கிளம்பினாள் என்று எனக்குத் தெரியாது. செருப்பு இரண்டும் ஒரே நிறம், அதை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு நடந்ததை ரேடியோவே எங்கள் வீடு வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள், அவள் சொன்னால் பாதிக்கு மேல் கூட்டுவாள் என்று கழித்துக்கொண்டே கேட்டேன். அம்மா நேரே மேலே போய் அதிகாரியிடம், அன்று வேண்டாம் என்றதை விட்டுவிடுங்கள், ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்திருக்கிறாள். கூடத்தில் ஈரத் துணி இடுப்பளவு. பாய்லர் அருகே போய் நின்று வாயைத் திறந்தால், பழக்கம் விடுமா, "சார்" என்று வந்துவிட்டது. பாய்லர்காரர் திரும்பிப் பார்த்து, வேண்டுமென்றே, மெதுவாக, "எந்த சார்?" என்றார்.  அம்மா கதவு ஆணியைப் பார்த்தாளாம், குடையைச் சரி சாரின் மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஆணி மட்டும் இருந்தது. பிறகு கத்தினாளாம் பாப்பா, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். "சாருமில்லை கீருமில்லை. நான் சொல்றேன். ரெண்டு பாய்லரையும் ஏத்துங்க, பிரசவ வார்டுத் துணி முதல்ல போகணும்." பாய்லர்காரர் வால்வில் கையை வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அந்தச் சரியை அவர் அச்சு அசலாகப் பழைய சார் மாதிரியே சொன்னாராம், அதற்குத்தான் மேசையே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்று மாலையே எதற்கோ அம்மாவிடம் வந்து அவர் சண்டையும் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது உன் அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவும் எழுதிவிட்டு இப்போது உன் கேள்விக்கு வந்து நிற்கிறேன். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயத்தின் யோக்கியதை உனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடிதம் முடிய வேண்டுமே என்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், பாப்பாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்பா ஒத்துக்கச் சொன்னார்னு எழுதிடுங்க" என்றாள். நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு இப்போது இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறாள், அதனால் நான் சீக்கிரம் முடிக்கிறேன். நீ என்ன முடிவு செய்தாலும் சரி, உன் ஆபீசில் அதை அப்பா சொன்னார் என்று சொல்லாதே, அது ஒன்றுதான் நானாகச் சொல்வது. வயிறு நிறையச் சாப்பிடு, குளிரில் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே, பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லி மூன்று கடிதம் ஆகிறது, அடுத்ததில் பார்த்தேன் என்று இருக்க வேண்டும். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நிமிர்ந்து இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் பக்கத்தில்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா

பாப்பா, அப்பா எழுதினதை முழுக்கப் படித்தேன். முழங்கால் வலியைக் குறைத்து எழுதியிருக்கிறார், நான் கத்தினதைக் கூட்டி எழுதியிருக்கிறார். அந்தப் பொறுப்பை நீ ஒத்துக்கொள். பயமாகத்தான் இருக்கும், எனக்கும் தினமும் காலையில் இருக்கிறது, கூடத்துக்குள் போனதும் வேலையில் மறந்துவிடுகிறது. அன்றைக்கு உன்னை அங்கே போகச் சொன்னதும் நான்தான். இதையும் நான்தான் சொல்கிறேன்.

அம்மா